தேமல் தாங்கும் மரவள்ளி: மரபணுக் கணிப்பைக் கொல்லைக்குக் கொண்டுவருவது எப்படி

கல்லல் பக்கம், செம்புறாங்கல் பூமியில் சித்தப்பாவின் கொல்லை. கிணற்றுத் தண்ணீர் எட்டும் இடமெல்லாம் மரவள்ளி. வருஷா வருஷம் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுவிட்டுச் சுருளும். பிடுங்கினால் விரல் பருமனில் கிழங்கு. தேமல் நோய். காரைக்குடியில் உயிரித் தகவலியல் படித்துவிட்டுப் பயிர்ப்பெருக்க வேலைக்குப் போன நான், அந்தக் கொல்லையிலேயே மரபணுக் கணிப்பைச் செய்து பார்க்கிறேன் என்றேன். "ஏத்தா, கம்ப்யூட்டரு செடியைப் பாத்துச் சொல்லுமா?" என்று கேட்டார் சித்தப்பா. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

நம் பக்கத்துத் தேமலுக்குக் காரணம் இந்திய மரவள்ளித் தேமல் வைரஸும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸும். வெள்ளை ஈ பரப்பும். நோய்ச் செடியின் கரணையை, அதாவது நடும் தண்டுத் துண்டை, வெட்டி நட்டு நாமும் பரப்புகிறோம். வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. தாங்கும் ரகம் வேண்டும். அதை உருவாக்கத்தான் காலம் பிடிக்கிறது. ஒரு காயில் அதிகம் போனால் மூன்று விதை. அதில் முளைத்த செடியிலிருந்து முதல் வருஷம் கிடைக்கும் கரணையும் கொஞ்சம். பெருக்கி, நட்டு, பார்த்து முடிக்கப் பல வருஷம் ஓடிவிடும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க 2001-இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் மூவரும் முன்வைத்த முறைதான் மரபணுக் கணிப்பு. நோய் மதிப்பெண்ணும் டிஎன்ஏ விவரமும் கையில் உள்ள செடிகளை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்கைப் பழக்க வேண்டும். பிறகு புது நாற்றின் இலையில் டிஎன்ஏ எடுத்தாலே அதன் தாங்கும் திறனை மதிப்பிடலாம். இது மரபணு மாற்றம் அல்ல. கலப்பு எப்போதும்போலப் பூவில்தான் நடக்கிறது.

முதலில் பழக்கும் கூட்டம். சில நூறு வகையாவது வேண்டும். எல்லாமே நோய் தாங்குபவையாக இருந்தால் கணக்கு எதையும் கற்காது. சேலம் பக்கம் பரவலாக நட்ட, தேமல் எளிதில் பிடிக்கும் எச்-226, நைஜீரியாவிலிருந்து வந்து நன்றாகத் தாங்கும் ஸ்ரீ பத்மநாபா, ஊர் நாட்டு ரகங்கள், இவற்றின் கலப்புப் பிள்ளைகள் எல்லாம் சேரட்டும். திருவனந்தபுரத்தின் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையமும் ரகங்களைப் பற்றிக் கேட்க வேண்டிய இடங்கள்.

அடுத்தது மதிப்பெண். முழு வேலையும் இதன்மேல்தான் நிற்கிறது. முதல் தடவை நான் வேறு வேறு ஊர்களிலிருந்து கரணை வாங்கி நேராக நட்டுவிட்டேன். வெள்ளை ஈ குறைந்த ஊரிலிருந்து வந்தவை பச்சைப்பசேல் என்று நின்றன. 'நோயில்லை' என்று எழுதிக்கொண்டேன். கணக்கோ எந்த ரகம் தாங்கும் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கரணை எந்த ஊர் என்பதைக் கற்றுக்கொண்டது. அடுத்த பருவம் அந்தப் பச்சைகளில் பாதி தேமலேறிக் கிடந்தன. ஒரு வருஷ உழைப்பு வீணானது இன்னும் வலிக்கிறது, அதனால்தான் இதை விரித்துச் சொல்கிறேன். எல்லாக் கரணையையும் ஒரு பருவம் உங்கள் வயலிலேயே வளர்த்து, அதிலிருந்து வெட்டி நடுங்கள். சில வரிசைக்கு ஒரு வரிசை நோயுள்ள எச்-226 நட்டால் எல்லாச் செடிக்கும் வெள்ளை ஈ வழியாக வைரஸ் போய்ச் சேரும். ஒவ்வொரு வகையும் குறைந்தது இரண்டு இடத்திலாவது நிற்க வேண்டும். மதிப்பெண் 1 முதல் 5 வரை: 1 என்றால் அறிகுறியே இல்லை, 5 என்றால் இலை உருக்குலைந்து செடி குட்டையாகிவிட்டது. முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று பாருங்கள். ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

டிஎன்ஏவுக்கு இளம் இலை நறுக்கைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். செடிக்குச் செடி டிஎன்ஏ வேறுபடும் இடங்களான குறிப்பான்கள் ஆயிரக்கணக்கில் வரும். விட்டுப்போனவற்றை நிரப்பி, மிக அரிதானவற்றைக் கழித்துவிடுங்கள்.

கணக்குக்கு, புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளில் ஆர்ஆர்பிளப் (rrBLUP) தொகுப்பு போதும், இலவசம். ஆப்பிரிக்க ரகங்களில் கண்ட 'சிஎம்டி2' என்ற ஒற்றை எதிர்ப்புக் காரணி 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உங்கள் கூட்டத்திலும் அது இருந்தால் அதைத் தனியாகக் கணக்கில் சேருங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பூட்டை வைரஸ் ஒருநாள் திறந்துவிட்டால் மொத்த வயலும் போகும். 1930-களில் தான்சானியாவின் அமானியில் காட்டு மரவள்ளி இனமான கிளாசியோவியோடு கலந்து கொண்டுவந்த எதிர்ப்பு பல மரபணுக்கள் சேர்ந்தது. அப்படிச் சிறுசிறு பங்கு தரும் மரபணுக்களையும் கூட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கணிப்பின் பலம்.

கணிப்பைச் சோதிக்கும்போது ஒரு குடும்பத்தை, அதாவது ஒரே கலப்பில் பிறந்த செடிகளை, முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். உடன்பிறப்புகள் பழக்கும் கூட்டத்துக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இருந்தால் முடிவு பொய்யாக உயர்ந்து தெரியும். தேமலுக்குக் கணிப்பு நன்றாக வரும். கிழங்கு எடைக்கு அவ்வளவு வராது, அதற்கு வயல்தான் சாட்சி.

இனி கலப்பு. ஒரே கொத்தில் பெண்பூ முன்னால் மலரும், ஆண்பூ பிறகு. மலருமுன் பெண்பூவைத் துணிப்பையால் மூடி, மலர்ந்ததும் வேண்டிய ஆண்பூவின் மகரந்தத்தைத் தடவி, மறுபடி மூடுங்கள். முற்றிய காய் வெடித்து விதை தெறிக்கும், பையைக் கழற்றாதீர்கள். முளைத்த நாற்று சுத்தமாக இருப்பதை எதிர்ப்பு என்று எண்ணக் கூடாது. அதற்கு இன்னும் வைரஸ் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இலை எடுத்து, கணித்து, மேலே வந்தவற்றை வையுங்கள். அவற்றுக்குள் நெருங்கிய சொந்தங்களைக் கலக்காதீர்கள், மரவள்ளி அப்படிக் கலந்தால் வீரியம் இழக்கும்.

தேர்ந்தவை மறுபடியும் எச்-226 வரிசைகளுக்கு நடுவே போகட்டும். புது மதிப்பெண்ணைப் பழைய அட்டவணையில் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். எங்கள் கொல்லையில் இப்போது சித்தப்பாதான் செடி செடியாக நின்று "மூணு… ரெண்டு… இது ஒண்ணுத்தா" என்று சொல்கிறார். நான் எழுதிக்கொள்கிறேன்.