நிமோகாக்கல் ஊசி: பேரனுக்குப் போட்டாச்சு, தாத்தாவுக்கு?

செந்தூலோ பிரிக்பீல்ட்ஸோ, நம்மவர் வீடுகளில் பிள்ளைகளின் ஊசிக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நிமோனியா போன்ற நோய்களை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி 2020 டிசம்பரில் மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜனவரி முதல் பிறந்த குழந்தைகளுக்கு 4, 6, 15ஆவது மாதங்களில் போடுகிறார்கள். முதல் இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்பை நீடிக்கச் செய்வதே அந்த மூன்றாவது ஊசிதான். தேதி தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. லேசான சளியும் தள்ளிப்போடக் காரணமாகாது.

பெரியவர்கள் விஷயத்தில்தான் கோட்டை விடுகிறோம். "அது சின்னப் பிள்ளைங்க ஊசி" என்று பேரனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும் தாத்தாவே சொல்வார். 65 வயதைத் தாண்டியவர்கள், இனிப்பு நீர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கிருமியால் ஆபத்து அதிகம். நிமோனியாவோடு நிற்காமல் ரத்தத்திலும் மூளை உறையிலும்கூட அது பரவலாம். சீனி அளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதற்காக இனிப்பு நீர்காரருக்கு விலக்கு கிடையாது.

அடுத்த குழப்பம், "போன வருஷமே நிமோனியா ஊசி போட்டேனே" என்பது. ரசீதை எடுத்துப் பார்த்தால் இன்ப்ளூவென்சா என்றிருக்கும். அது வைரஸுக்கு எதிரான ஊசி, ஆண்டுதோறும் போடுவது. நிமோகாக்கஸ் ஒரு பாக்டீரியா. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. வேண்டுமானால் இரண்டையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். நிமோகாக்கல் ஊசி போட்டாலும் வேறு கிருமிகளால் நிமோனியா வரலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் நிமோகாக்கல் ஊசிகளின் பெயரில் வரும் எண்கள். பிசிவி 13, 15, 20, பிபிஎஸ்வி 23 என்று கேட்டதும் பெரிய எண்தான் உசத்தி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எண் என்பது அந்த ஊசி எத்தனை வகை நிமோகாக்கஸ் கிருமிகளுக்கானது என்பது மட்டுமே. 23 வகைக்கான ஊசி, கிருமியை நீண்டகாலம் நினைவில் வைத்து எதிர்க்கும் திறனை உடலில் அவ்வளவாக உண்டாக்காது. 2 வயதுக்குக் கீழே சரியாக வேலையும் செய்யாது. பெரியவர்களுக்கு பிசிவி 20 என்றால் பொதுவாக அதோடு முடிந்தது. பிசிவி 13 அல்லது 15 போட்டவர்களுக்குப் பிறகு பிபிஎஸ்வி 23 தேவைப்படும், வழக்கமாக ஓராண்டு கழித்து. ஆகவே "நிமோனியா ஊசி" என்று மட்டும் நினைவில் வைத்தால் அடுத்த டாக்டருக்கு உதவாது. ஊசிப் பெட்டியின் லேபிளைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டு, பெயர் மறந்திருந்தால் போட்ட கிளினிக்கையே கேளுங்கள், கார்டில் எழுதி வைத்திருப்பார்கள்.