இருவழி ரேடியோவுக்கு ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. தேர்ந்தெடுப்பது எப்படி?

சொந்தமாக ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) கட்டுபவர்கள், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சில்லான ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.யை வாங்கும்போது, அது எத்தனை வாட் தரும் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். அமைதியான அறையில் மேசைமேல் வைத்துக் கேட்கும் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அரை வாட் தாராளமாகப் போதும். ஓடும் வண்டியில் கேட்பதற்கு மட்டுமே 2 வாட்டுக்கு மேல் தேவைப்படும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை, மின்சப்ளை எத்தனை வோல்ட் என்பதும், பேசவும் கேட்கவும் மாறுவதற்காக பி.டி.டி. பட்டனை (அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்) இயக்கும்போது ஐ.சி. எப்படி நடந்துகொள்ளும் என்பதுமே.

எல்லோரும் அறிந்த எல்.எம். 386 ஐ.சி.யையே எடுத்துக்கொள்வோம். இதன் என்-1, என்-3 வகைகள் 4 முதல் 12 வோல்ட் வரைக்கும், என்-4 வகை 5 முதல் 18 வோல்ட் வரைக்கும் உரியவை. 12 வோல்ட் என்று நாம் சொல்லும் லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டிவிடும் என்பதால், என்-1 வகையை அதில் நேரடியாக இணைக்காமல், 7809 ரெகுலேட்டர் வழியாக 9 வோல்ட் கொடுப்பதே பாதுகாப்பானது. பேட்டரியில் நேரடியாக இணைத்தே ஆக வேண்டுமென்றால், என்-4 என்று மேலே அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இதில் 1, 8 ஆகிய கால்களுக்கு (பின்களுக்கு) இடையே 10 மைக்ரோஃபேரட் மின்தேக்கியை வைத்தால் பெருக்கம் 20 மடங்கிலிருந்து 200 மடங்காக உயரும். நான் முதலில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அப்படித்தான் செய்தேன். நிலையங்கள் சத்தமாகக் கேட்டன, ஆனால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே உயர்ந்தது, பி.டி.டி.யை அழுத்தியதும் ஸ்பீக்கர் வீரிட்டது. அந்த மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, முன்னால் பி.சி. 547 டிரான்சிஸ்டரைக் கொண்டு ஒரு சிறு ப்ரீஆம்ப் (முன்நிலைப் பெருக்கி) போட்டு, 6-ஆம் காலுக்கும் தரைக்கும் (கிரவுண்டுக்கும்) இடையே 100 நானோஃபேரட் மின்தேக்கியைக் காலை ஒட்டியே பற்றவைத்த பிறகுதான் அது அடங்கியது. 5-ஆம் காலில் 10 ஓம் மின்தடையும் 47 நானோஃபேரட் மின்தேக்கியும் தொடராக அமைந்து தரைக்குச் செல்வதை, இடமில்லை என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஐ.சி. தானாகவே அதிர்ந்து ஒலியெழுப்பும் ஊசலாட்டத்தைத் தடுப்பது அதுதான்.

வெளியீட்டு மின்தேக்கியாக 220 மைக்ரோஃபேரட் போடுவது வழக்கம். மனிதக் குரலுக்கு 300 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்டால் போதும் என்பதால், 8 ஓம் ஸ்பீக்கரோடு சுமார் 200 ஹெர்ட்ஸில் வெட்டும் 100 மைக்ரோஃபேரடே போதுமானது. மின்சாரம் வரும்போதெல்லாம் எழும் 'டப்' ஒலியும் இதனால் குறையும்.

அந்த ஒலியே வேண்டாம் என்பவர்கள், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஐ.சி.யே இயக்கும் பிரிட்ஜ் வகைக்குப் போகலாம். டி.டி.ஏ. 7052 ஐ.சி.க்கு வெளியீட்டு மின்தேக்கியே தேவையில்லை. 6 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 1 வாட் தரும். ஸ்பீக்கரின் இரு முனைகளில் எதையும் தரையோடு இணைக்கக் கூடாது என்பதால், ஒரு முனை தரையிலிருக்கும் சாதாரண இயர்போன் சாக்கெட்டை இதனுடன் பொருத்த முடியாது.

மலையேறிச் சென்று பேட்டரியில் இயக்குபவர்களுக்கு எம்.சி. 34119 பொருத்தமானது. அது 2 முதல் 16 வோல்ட் வரை இயங்கும். அதன் 1-ஆம் காலுக்கு 2 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் உறங்கிவிடும். பேசும்போது மின்னழுத்தம் வரும் கம்பியிலிருந்து அந்தக் காலுக்கு இணைப்புக் கொடுத்தால், தனி ரிலே இல்லாமலேயே ஸ்பீக்கர் அமைதியாகும். அது தரக்கூடிய மின்னோட்டம் குறைவு என்பதால் 8 ஓமைவிட 32 ஓம் ஸ்பீக்கரே ஏற்றது.

விலை மலிவான, சூடாகாத பி.ஏ.எம். 8403 போன்ற 'கிளாஸ் டி' ஐ.சி.களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் விட்டுவிட்டு இயங்குவதால், அந்த அதிர்வெண்ணின் மடங்கலைகள் (ஹார்மோனிக்ஸ்) ஷார்ட்வேவ் ரிசீவரின் ஆன்டெனாவுக்குள்ளேயே புகுந்துவிடும். உலோகக் கவசமும் வடிகட்டியும் அமைக்கத் தயாராக இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

வாங்கிய ஐ.சி.யைப் போர்டில் பற்றவைப்பதற்கு முன், ஒலி எதுவும் கொடுக்காமல் அது எடுக்கும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். எல்.எம். 386 என்றால் 4 மில்லிஆம்பியரை ஒட்டி இருக்க வேண்டும். அதைப் போலப் பல மடங்கு காட்டினால், அந்தச் சில்லை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.