முதன்முதலாகக் கடலுக்கடியில்: கொழும்பிலிருந்து ஸ்கூபா போகிறவர்களுக்கு

ஸ்கூபா, அதாவது சிலிண்டரிலுள்ள காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்துவது, என்றதும் நம்மாட்கள் மாலைதீவுக்கு டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தடவைக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. நாம் இருப்பதே வெப்பவலயத் தீவில்தான். கடல் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 27 முதல் 29 பாகைக்குள் நிற்கும், குளிருக்குப் பயப்படவும் வேண்டாம். எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. லீவைப் பார்க்கமுன் காற்றைப் பாருங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கும் தெற்கும்: கல்கிசை, ஹிக்கடுவை, உனவட்டுன. மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு: நிலாவெளி, புறாமலை, மட்டக்களப்பு. தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது மேற்குக் கரையில் அலை உயரும், தண்ணீர் கலங்கும், கையை நீட்டினால் விரல் தெரியாத நாட்களும் வரும். ஜூலையில் நாலு நாள் லீவு கிடைத்தால் திருகோணமலைக்கு பஸ் ஏறுங்கள். ஜனவரி என்றால் கோட்டையில் காலிக்குப் போகும் ரயிலைப் பிடித்து ஹிக்கடுவையில் இறங்கலாம்.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அனுபவமுள்ள சுழியோடிகளுக்கான இடம். உங்கள் முதல் பயணத்துக்கு 12 மீற்றருக்குள் இருக்கும் முருகைக்கல் பாறையே தாராளம்.

2. ஒருநாள் அனுபவமா, சான்றிதழா?

'டிஸ்கவர் ஸ்கூபா' என்பது அரைநாள் விஷயம். பயிற்றுநர் பக்கத்திலேயே இருப்பார், ஆழம் 12 மீற்றரைத் தாண்டாது. 'ஓப்பன் வோட்டர்' என்றால் பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, கடலில் நாலு இறக்கம் எல்லாம் சேர்த்து மூன்று நான்கு நாள் எடுக்கும். முடித்தால் துணையோடு 18 மீற்றர் வரை போகலாம். இதற்கு 200 மீற்றர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். முதலாவதற்கு நீச்சல் கட்டாயமில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் தண்ணீரில் முகத்தை வைத்தாலே பதறுகிறவர் ஒரு மாதம் நீச்சல் தடாகத்துக்குப் போய்விட்டு வருவதே நல்லது என்பேன்.

நிலையத்தைத் தெரிவுசெய்யும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், படகில் ஒக்ஸிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். உடல்நலப் படிவம் தராமலே காசை வாங்குகிற இடமென்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் பொய் எழுத வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் சத்திரசிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் கொழும்பிலேயே டொக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது.

3. காது

முதல் இறக்கம் குழம்பினால் பெரும்பாலும் காரணம் சுறாவோ அலையோ அல்ல, காதுதான்.

10 மீற்றர் இறங்கும்போது உடலைச் சுற்றியுள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். அந்த மாற்றம் மேல்மட்டத்தில்தான் வேகமாக நடக்கிறது. அதனால் ஆழத்தில் அல்ல, இரண்டாவது மூன்றாவது மீற்றரிலேயே வலி தொடங்கிவிடும். விமானம் கட்டுநாயக்கவில் இறங்கும்போது காது அடைக்குமே, அதேதான். இங்கே அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும்.

கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்கு வெளியிலிருந்து மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். 'டிக்' என்று காது திறக்கும். தண்ணீர் மட்டத்திலேயே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு மீற்றருக்கும் ஒருமுறையாவது. வலி வரும் வரை காத்திருந்தால் பிந்திவிட்டது. திறக்காவிட்டால் பலமாக ஊதாதீர்கள், செவிப்பறை கிழியலாம். ஒரு மீற்றர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். மற்றவர்கள் கீழே காத்திருக்கிறார்கள் என்ற வெட்கம் வேண்டாம், காத்திருப்பதும் அவர்கள் வேலைதான்.

தடிமன் இருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம். பாமசியில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்பார்கள். கடலுக்கடியில் மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

4. அன்றைய நாள்

முதல்நாள் இரவு கொத்து ரொட்டியையும் மதுவையும் தவிருங்கள். காலையில் இடியப்பமும் சொதியும் அளவாக, ஒரு தெம்பிலி. படகில் தலைசுற்றும் என்றால் குளிசையைப் பற்றி டொக்டரிடம் முன்பே கேளுங்கள், சிலது தூக்கம் வரச்செய்யும். நகைகளைக் கழற்றி அறையிலேயே வையுங்கள். உடை பற்றித் தயங்கும் பெண்களுக்கு: முழுக்கை ரி-சேர்ட், லெகிங்ஸ், அதன்மேல் வெட்சூட் போதும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நீண்ட கூந்தலை இறுக்கிப் பின்னுங்கள். மீசைக்காரர்களுக்கு மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் கசியும். மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதினால் அது வெளியேறும்.

சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்று, வாசமோ சுவையோ இருக்கக்கூடாது. எண்ணெய் வாசம் வந்தால் வேறு சிலிண்டர் கேளுங்கள்.

5. கீழே

ஒரே ஒரு சட்டம்: மூச்சை அடக்காதீர்கள். நீச்சலில் பழகிய பழக்கம் இங்கே ஆபத்து. 10 மீற்றரில் நிறைத்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பதற்றமும் தானாக அடங்கும்.

சைகையில் ஒரு சிக்கல் உண்டு. நாம் 'சுப்பர்' என்று உயர்த்திக் காட்டும் கட்டைவிரலுக்குக் கடலுக்கடியில் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். சந்தோஷத்தில் அதைக் காட்டினால் பயிற்றுநர் உங்களைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார். நலம் என்று சொல்ல, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். கோளாறென்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வலிக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

எதையும் தொடாதீர்கள். முருகைக்கல் உயிருள்ளது, கல்மீன் கல்லைப்போலவே கிடக்கும், முள்ளில் விஷம். புறாமலையில் கருமுனைச் சுறாக்கள் வரலாம், மனிதரைக் கண்டால் அவையே விலகிப் போகும். கெமராவை முதல் தடவை கரையில் விட்டுவிடுங்கள், படம் எடுப்பதைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார்.

6. மேலே வந்த பிறகு

ஒரு இறக்கம் மட்டும் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், பல இறக்கங்கள் என்றால் 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது. இது பலருக்கும் தெரியும். மலையேறுவதும் இதே கணக்குத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். காலையில் ஹிக்கடுவையில் சுழியோடிவிட்டு அன்றிரவே சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வான் பிடிக்காதீர்கள். ஊர் சுற்றும் திட்டமென்றால் மலையை முதலில் முடித்து, கடலைப் பிறகு வையுங்கள். ஹிக்கடுவையிலிருந்து கொழும்புக்குத் திரும்புவதில் பிரச்சினையில்லை, கரையோரப் பாதைதான்.

அன்றிரவு மூட்டு வலி, விறைப்பு, விளங்காத களைப்பு வந்தால் தைலம் பூசிப் படுத்துவிடாமல் நிலையத்துக்கு உடனே அழையுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சுழியோடியதைச் சொல்லுங்கள். எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம் என்று குறித்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.