ஏர் ரைபிள் தளத்தில் ஜூல் வரம்பு: அளப்பதும் காப்பதும்

ஏர் ரைபிள் வந்த அட்டைப்பெட்டியில் ‘நொடிக்கு 1000 அடி வேகம்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி எந்த ரைபிளையும் சுடுதளத்துக்குள் விட வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் எடை குறைந்த, ஈயமில்லாத பெல்லட்டை, அதாவது ரைபிளில் போடும் சின்னக் குண்டை, சுட்டு எடுத்தது. நீங்கள் போடப்போகும் ஈய பெல்லட்டுக்கு அது பொருந்தாது. சுவரும், இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெல்லட் பெட்டியும் தாங்க வேண்டியது ஆற்றலை, அதாவது ஜூலை. எடையும் வேகமும் தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

கணக்கு எளிது. பெல்லட்டின் எடை கிராமில், வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்பதில். எடையை வேகத்தால் இருமுறை பெருக்கி 2000-ஆல் வகுத்தால் ஜூல். போட்டிகளில் ஓடும் 0.53 கிராம் பெல்லட் 172 மீட்டர் வேகத்தில் போனால் 7.8 ஜூல். அதே பெல்லட் 274 மீட்டரைத் தொட்டால் 20 ஜூலுக்கு மிக அருகில் வந்துவிடும். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல் துளை, 20 ஜூல் இரண்டையும் தாண்டாத ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஒன்றைத் தாண்டினாலும் தேவை. ஆனால் 20 என்பது சட்டத்தின் எல்லை, உங்கள் பெல்லட் பெட்டியின் எல்லை அல்ல. பெல்லட் பெட்டியில் 3 மி.மீ. இரும்புத் தகடு போட்ட 10 மீட்டர் சுடும் வரிசைக்கு 10 ஜூல் என்று எழுதி வைப்பது நல்லது. அதற்கு மேல் வரும் ரைபிள்களுக்கு 6 மி.மீ. தகடு போட்ட ஒரு வரிசையைத் தனியாக ஒதுக்குங்கள்.

எடையில் ஆரம்பியுங்கள். ஒற்றை பெல்லட்டை நிறுத்தால் பிழை பெரிதாகும். 50 பெல்லட்டை நகைக்கடைத் தராசில் போட்டு 50-ஆல் வகுங்கள். அடுத்து வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃப். குழல் வாயிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பெல்லட்டோடு வெளியே வரும் காற்றையும் அது பெல்லட் என்று எண்ணிக்கொள்ளும். நம் ராமநாதபுரம் கடற்கரையில் இன்னொரு தொல்லை வெளிச்சம். வெள்ளை மணலில் பட்டுக் கீழிருந்து எழும் கூசும் ஒளி அதன் சென்சாரைக் குழப்பும். கீற்றுக் கொட்டகைக்குள், தார்ப்பாய் விரித்த தரையில் அளந்து பாருங்கள். உள்ளே டியூப்லைட் எரிந்தால் அணையுங்கள், அதன் துடிப்பும் தப்பு எண் காட்டும்.

பத்து முறை சுட்டு, சராசரியை விட்டுவிட்டு மிக அதிகமான எண்ணைக் கணக்கில் எடுங்கள். முன்பே அழுத்தி அடைத்த காற்றால் சுடும் பிசிபி ரைபிளில் முதல் சுடுதல் முக்கியம்: இரவெல்லாம் சும்மா இருந்ததில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கசிந்து அழுத்தம் ஏறியிருந்தால் அந்த ஒன்று மட்டும் வேகமாகப் போகும். எந்த பெல்லட்டை வைத்துச் சோதிப்பது என்பதிலும் வித்தியாசம் உண்டு. ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளிச் சுடும் ஸ்பிரிங் ரைபிள் பொதுவாக இலேசான பெல்லட்டில்தான் அதிக ஜூல் தரும். பிசிபி கனமானதில் தரும். ஆளுக்கொரு டப்பா கொண்டு வரும் இடத்தில் இரண்டையும் சுட்டுப் பாருங்கள்.

இந்தக் கரையில் வரம்பு மீறுவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை உப்புக்காற்றில் இரும்பு ஒரே வாரத்தில் சிவக்கும். அதற்குப் பயந்து ஸ்பிரிங் ரைபிளின் குழலிலும் காற்றுத் துளையிலும் எண்ணெயை ஊற்றுகிறார்கள். பிஸ்டன் முன்னால் பாயும்போது உள்ளே நெருக்கப்பட்ட காற்று சூடேறி அந்த எண்ணெயைப் பற்றவைக்கும். வழக்கமாக ‘டப்’ என்று கேட்கும் ரைபிள் சுரீரென்று வெடிச்சத்தம் போடும். குழலை மடக்கினால் நீலப்புகையும் கருகிய எண்ணெய் வாடையும் வரும். 240 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த 0.53 கிராம் பெல்லட் அப்படி 290-க்கு ஏறினால் 15 ஜூல் 22 ஆகிவிடும். காற்றை அடைக்கும் பிஸ்டன் சீலும் கெடும். புகையைக் கண்டால் அந்த ரைபிளை அப்போதே நிறுத்துங்கள். காய்ந்த துணித்துண்டைக் குழலின் பின்பக்கமாக நுழைத்து, கறையில்லாமல் வரும்வரை இழுங்கள். பிறகு மறுபடி அளந்து பார்த்துத்தான் வரிசைக்கு விட வேண்டும். துருவுக்கு வெளி இரும்பை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

பெல்லட் பெட்டியின் தகட்டை 45 பாகையில், மேல் விளிம்பு சுடுபவரை நோக்கி இருக்கும்படி சாய்த்து வையுங்கள். பெல்லட் நசுங்கிக் கீழே மணல் தட்டில் விழும். இலக்கின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர். தகட்டை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். துரு அரித்து நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் மாற்றியாக வேண்டும். குழியில் பட்ட ஈயம் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கையில் கிடைக்கிறதே என்று பனஞ்சட்டத்தைப் பின்பலகையாக வைக்காதீர்கள். வைரம் பாய்ந்த பனையில் பட்ட பெல்லட் நேராகத் திரும்பி வரும். ஆற்றல் குறைந்தாலும் இதே ஆபத்துதான்: மெதுவாகப் போவது நசுங்காமல் எகிறும். சீல் தேய்ந்து வேகம் 100 மீட்டருக்குக் கீழே இறங்கிய ரைபிளையும் திருப்பி அனுப்புங்கள். பிபி எனப்படும் இரும்பு உருண்டைக் குண்டுக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. சுடுபவர், பார்ப்பவர் எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம்.

வெடிமருந்தால் பாயும் .22 தோட்டா வேறு உலகம். 2.6 கிராம், 330 மீட்டர் என்றால் ஏறத்தாழ 142 ஜூல். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியும் ஆபத்து. கடலைப் பார்த்துச் சுடலாம், அங்கே யார் இருக்கிறார்கள் என்று நினைப்பது பெரும் தவறு. வள்ளங்கள் கரையை ஒட்டித்தான் போகின்றன. தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் பட்ட தோட்டா தவளைக்கல் மாதிரி துள்ளிப் போகும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கடல் தெற்கே இருப்பதால் வடக்கு பார்த்த தளம் வெயிலுக்கும் நல்லது, கடலுக்கும் முதுகு காட்டும். தொண்டி, தேவிபட்டினத்தில் கடல் கிழக்கே. அங்கே மேற்கு பார்க்க வைத்தால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும், காலையிலேயே சுட்டு முடிக்க வேண்டும். எந்தப் பக்கம் வைத்தாலும் தோட்டாவைத் தடுக்கும் மேட்டுக்குப் பின்னால் ஊரோ பாதையோ இருக்கக்கூடாது. வெறும் மணல்மேட்டை ஆடி மாதக் கச்சான் காற்று அரித்துக்கொண்டு போய்விடும். மூட்டை அடுக்கிக் கட்டி, உயரத்தைக் குச்சி நட்டுக் குறித்து வையுங்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு இறுகிய முகப்பைக் கொத்தி, சல்லடையில் ஈயத்தைப் பிரித்தெடுங்கள். பழைய ஈயத்தில் புதிய தோட்டா பட்டால் தெறிக்கும்.

பெரிய தளத்திலும் வரம்பை முடிவுசெய்வது அதன் மேடும் பின்னாலுள்ள வெற்று நிலமும்தான்.

வாசல் பலகையில் வரிசை எண், துளை, பெல்லட்டின் பொருள், அதிக எடை, அதிக ஜூல் ஐந்தும் இருக்கட்டும். நோட்டில் ரைபிளின் எண், பெல்லட் டப்பாவின் லாட் எண், அளந்த தேதி, மிக அதிகமான வேகம். சீல், ஸ்பிரிங், ரெகுலேட்டர் எதை மாற்றினாலும் பழைய பதிவை அடித்துவிட்டு மறுபடி பத்து சுடுதல்.