உதவிப் பணம் முன்னால், கார்பன் பணம் பின்னால்

சந்தைக் கழிவில் பயோகேஸ் ஆலை போட வெளிநாட்டு உதவி நிதியும் கேட்கலாம், கார்பன் கிரெடிட்டும் (புவியைச் சூடாக்கும் வாயுவைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) விற்கலாம் என்று சென்னையில் பலர் யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு பணத்தையும் ஒரே கணக்கில் கலந்துவிடாதீர்கள். உதவிப் பணம் வேலை தொடங்கும்போதே வரும். கார்பன் பணமோ ஆலை ஓடி, அளந்து, வெளியாள் வந்து சரிபார்த்து, கிரெடிட்டை விற்ற பிறகுதான் வரும், அதற்குள் ஒன்றிரண்டு வருடம் போய்விடும். அதனால் தொடக்க ஆய்வு, டேங்க், பயிற்சி, முதல் சரிபார்ப்புக் கட்டணம் எல்லாம் உதவி நிதியில்; சம்பளம், பம்ப் ரிப்பேர் கார்பன் வருமானத்தில். எல்லாச் செலவையும் உதவியே சுமந்தால், 'கிரெடிட் இல்லாமலே இது நடந்திருக்குமே' என்பார் சரிபார்ப்பவர். அவருக்குச் சொல்லப் பதில் இல்லையென்றால் கிரெடிட்டும் இல்லை.

சரி, கிரெடிட் யாருக்குச் சொந்தம்? இதை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். உதவி தரும் நாடு ஒரு கையால் பணம் கொடுத்து மறு கையால் கிரெடிட்டை வாங்கிக்கொண்டால் அது உதவியா என்ற சண்டை பழசு. கியோட்டோ காலக் கிரெடிட்டுக்காக (பாரிஸுக்கு முந்தைய காலநிலை ஒப்பந்தம் அது) உதவி நிதியைத் திருப்பிவிடக் கூடாது என்று 2001இல் மராகேஷில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டிலேயே எழுதி வைத்தார்கள். இப்போது பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவுப்படி வெளிநாட்டுக்கு விற்ற கிரெடிட்டை இந்தியா தான் குறைத்த வாயுக் கணக்கில் காட்ட முடியாது. அப்படி வெளிநாட்டுக்கு விற்கக்கூடிய வேலைகளை 2023இல் மத்திய அரசு பட்டியலிட்டது, அதில் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு (சுத்தப்படுத்தி அழுத்திய பயோகேஸ்) இருந்தது.

அப்புறம் எடை நோட்டு, அதாவது தினமும் வந்த கழிவின் எடையை எழுதும் நோட்டு. என்னைக் கேட்டால் முழுத் திட்டமும் இதில்தான் நிற்கிறது. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு, அல்லது அதற்குச் சமமான வேறு வாயு, காற்றில் சேராமல் தடுத்ததற்கான சான்று. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து வரும் மீத்தேன், 100 வருடக் கணக்கில் அதே எடை கார்பன் டை ஆக்சைடைப்போல சுமார் 28 மடங்கு சூடாக்கும். கோயம்பேட்டிலிருந்து வரும் முட்டைகோஸ் இலையும் வாழை மட்டையும் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளுக்குப் போகாமல் உங்கள் டேங்குக்கு வந்ததற்கு அந்த நோட்டுதான் சாட்சி. ஒரு டிசம்பர் மழையில் எங்கள் எடைச் சீட்டுகள் ஊறிக் கூழாகி, மூன்று வார உழைப்பு கணக்கில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து தினமும் எடை மெஷின் திரையை போனில் படம் எடுக்கிறோம், நீங்களும் எடுங்கள்.

வருமானக் கணக்கில் கிரெடிட் விலையைக் குறைத்தே போடுங்கள். 2008இல் 20 யூரோவைத் தாண்டிய கியோட்டோ கிரெடிட், 2012 முடிவில் 1 யூரோவுக்கும் கீழே விழுந்தது.

கழிவைப் பிரிக்கிற அக்காக்களுக்குக் கிரெடிட் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். கையெழுத்துக்கு முன்னால் அவர்களை உட்கார வைத்து, தமிழில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள்.