முறுக்காமல் ஒட்ட வேண்டும்: பாண்டா இழையில் கப்ளர் செய்வது

இரண்டு ஒளியிழைகளைச் சுடரில் உருக்கி ஒட்டி, மெலிதாக இழுத்து, ஒன்றில் வரும் ஒளியை இரண்டுக்கும் பங்கிடும் உறுப்புதான் கப்ளர். அதைச் செய்யப் பழக வருகிறவர்கள் சுடரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உருக்குவதையும் இழுப்பதையும் எந்திரம் பார்த்துக்கொள்ளும். ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளியலை அதிரும் திசை, கெடாமல் இருப்பது, அதற்கு முன் இழையை எப்படித் திருப்பி வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

முனைவாக்கத்தைக் காக்கும் பாண்டா இழை 125 மைக்ரான் தடிமன். ஒளி செல்லும் உள்ளகத்தின் இருபுறமும், அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறைக்குள், போரான் கலந்த இரண்டு கண்ணாடித் தண்டுகள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பாண்டா கரடியின் கண்கள்தான். அந்தத் தண்டுகள் குளிரும்போது கூடுதலாகச் சுருங்கி, உள்ளகத்தை விடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கோடுதான் மெது அச்சு; அந்தத் திசையில் அதிரும் ஒளி சற்று மெதுவாகச் செல்லும். வாங்கும்போதே, தண்டுகளின் ஒளிவிலகல் எண் உறையோடு பொருந்தும் இழையாகக் கேளுங்கள். சாதாரண வகையில் அது உறையைவிடக் குறைவு. மெலிந்த இடத்தில் ஒளி உறை முழுவதும் பரவும்போது தண்டுகள் குறுக்கே நிற்கும், இழப்பு ஏறும்.

நடுவில் சுமார் 30 மில்லிமீட்டருக்கு மேல்பூச்சை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பிறகு விரல் படக் கூடாது.

இனி பொறுமை வேண்டும். பக்கவாட்டிலிருந்து நுண்ணோக்கியில் பார்த்தபடி இழையை மெல்லச் சுழற்றினால், ஒளிக்கோடுகள் நகர்வது தெரியும். ஒரு நிலையில் அவை நடுக்கோட்டின் இருபுறமும் சரிசமமாக நிற்கும். இரண்டு இழைகளையும் அதே நிலைக்குக் கொண்டுவாருங்கள். அச்சு 1 பாகை பிசகினால் அழிவு விகிதம் (சரியான திசையில் அதிரும் ஒளிக்கும் தவறான திசைக்குக் கசிந்த ஒளிக்கும் உள்ள விகிதம்) 35 டெசிபலைத் தாண்டாது. 6 பாகை என்றால் 20கூடத் தேறாது. ஆரம்பத்தில் எனக்கு 14 டெசிபல்தான் வந்தது. மணிக்கணக்கில் லேசரைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், கிளாம்பை இறுக்கும்போதே இழை திரும்பியிருக்கிறது. அன்றிலிருந்து இறுக்கிய பின்னும் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிடுகிறேன். சாதாரணக் கப்ளர் போல முறுக்கி ஒட்டவைக்காதீர்கள், அச்சும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். இணையாக வைத்து, தொடவிட்டால் போதும்.

சுடருக்கு ஹைட்ரஜன், கரி படியாது. ஆனால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, என் புறங்கை மயிர் பொசுங்கிய வாசனையில்தான் அது எரிவது தெரிந்தது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மெது அச்சில் 1550 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, இரண்டு வெளிமுனைகளிலும் டிடெக்டர் வையுங்கள். கம்பிப் பதத்துப் பாகு போலக் கண்ணாடி மெலிய மெலிய, ஒளி செலுத்திய இழையின் டிடெக்டரில் அளவு இறங்கும்; மற்ற இழையில் ஏறும். சரிபாதியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுடரை விலக்குகிறேன். சுடர் விலகிய பிறகும் பங்கீடு கொஞ்சம் நகரும். எவ்வளவு முன்பு என்பது உங்கள் எந்திரத்தோடு பழகித்தான் தெரியும்.

கப்ளரைக் குவார்ட்ஸ் தட்டில் வைத்து, இரு ஓரங்களில் மட்டும் எபாக்சி வையுங்கள். மெலிந்த பகுதியில் ஒளிக்குக் காற்றுதான் சுவர். பசை பட்டால் ஒளி கசிந்துவிடும். பசை இறுகியதும் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசரைச் சுழற்றி, உச்ச அளவையும் நீச அளவையும் குறியுங்கள். இழையை விரலால் சற்றுச் சூடாக்கி மறுபடியும் அளக்க வேண்டும். கிடைத்த எண்களில் மோசமானதையே பதிவேட்டில் எழுதுங்கள்.