இரும்பின் கடைசி எலக்ட்ரானுக்கு நான்கு குவாண்டம் எண்களை எழுதுவது எப்படி?

அணு எண், ஆர்பிட்டால் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் நேராக உள்ளே வரலாம். குவாண்டம் எண்கள் என்பவை அணுவில் ஓர் எலக்ட்ரானின் நிலையைச் சொல்லும் நான்கு எண்கள்: முதன்மை, கோண உந்தம், காந்தம், தற்சுழற்சி.

படி 1: நிரப்பும் வரிசை. பாடநூல்களில் வரும் சாய்வு அம்புக்குறிப் படத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஓர் அம்பு இடம் மாறினாலும் மொத்தமும் குழம்பிவிடும். முதன்மைக் குவாண்டம் எண்ணையும் கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைந்தது முதலில் நிரம்பும். ஆர்பிட்டால் பெயரில் உள்ள எண்தான் முதன்மை எண்; எஸ் என்றால் கோண உந்த எண் 0, டி என்றால் 2. 4எஸ்ஸுக்கு 4+0=4, 3டிக்கு 3+2=5. அதனால் 4எஸ்தான் முதலில். இரும்பின் 26 எலக்ட்ரான்களில் 18 ஆர்கான் அமைப்பிலேயே அடங்கிவிடும். 4எஸ்ஸில் 2, 3டியில் 6.

படி 2: கடைசி எலக்ட்ரான் 3டியில் இருக்கிறது. முதன்மை எண் 3, கோண உந்த எண் 2.

படி 3: காந்தக் குவாண்டம் எண். பலரும் தடுமாறுவது இங்கேதான், மெதுவாகப் போவோம். தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்து -2, -1, 0, +1, +2 என்று குறியுங்கள். மனக்கணக்கு வேண்டாம். ஹூண்ட் விதிப்படி முதல் ஐந்து எலக்ட்ரான்களும் கட்டத்துக்கு ஒன்றாக, மேல்நோக்கிய அம்புகளாக (தற்சுழற்சி எண் +1/2) அமரும். ஆறாவது மட்டும் முதல் கட்டத்தில் கீழ்நோக்கிய அம்பாக இணை சேரும். ஆக, காந்த எண் -2, தற்சுழற்சி எண் -1/2.

விடைத்தாளில் +2 என்று இருக்கிறதே என்று பதற வேண்டாம். தனித்த அணுவில், வெளிக் காந்தப்புலம் இல்லாதபோது, ஐந்து 3டி ஆர்பிட்டால்களும் ஒரே ஆற்றல் கொண்டவை. எந்தக் கட்டத்திலிருந்து தொடங்குவது என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம்தான். காந்தப்புலத்தில் வைத்தால்தான் அவற்றின் ஆற்றல் பிரியும். நிறமாலைக் கோடுகள் அப்படிப் பிளவதை இயற்பியலாளர் சீமன் 1896இல் கண்டார். தேர்வில் உங்கள் கட்டங்களையும் வரைந்து காட்டிவிடுங்கள்.

சரிபார்க்க பௌலி விதி போதும்: 26 எலக்ட்ரான்களில் எந்த இரண்டுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்கக் கூடாது.

பின்சேர்க்கை: "இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும்போது 3டியிலிருந்துதானே போகும்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை, 4எஸ்ஸிலிருந்து போகும். கூட்டல் விதி நடுநிலை அணுவில் நிரப்புவதற்கு மட்டுமே; அயனியில் 3டியின் ஆற்றல் 4எஸ்ஸை விடத் தாழ்ந்துவிடும். மீதமிருப்பது 3டியில் அதே 6.

குரோமியத்துக்கும் தாமிரத்துக்கும் இந்தக் கூட்டல் விதி பொருந்தாது. இரண்டிலும் 4எஸ்ஸில் ஓர் எலக்ட்ரான்தான். 3டியில் முறையே 5, 10.